நடுவில் நடந்தவள்

அந்த அறைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூட வெளியே ஓடிவந்துதான் இரும வேண்டும். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில், விளக்குச் சூட்டில், பஞ்சு உருண்டைகளாகக் கழுகுக் குஞ்சுகள் கிடக்கும். மனிதக் குரலுக்குப் பழகிவிட்டால் நாளைக்குக் காட்டுக்குப் போனாலும் எவனாவது வழிப்போக்கனைப் பார்த்துச் சாப்பாடு கேட்டு நிற்கும். அதனால் கழுகுத் தலை மாதிரி தைத்த உறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, பெட்டியின் திரை வழியே அந்தத் தலையை மட்டும் உள்ளே விட்டு, அரைத்த காடை இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்பவளுக்குக் கழுகம்மா என்று பெயர் வராமல் வேறென்ன வரும்? அந்தக் கழுகு வளர்ப்பு நிலையத்தில் வாசலைக் கூட்டுகிறவரிலிருந்து டாக்டர் வரைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமைதான்.

இந்த வகைக் கழுகு இரண்டு முட்டை போடும். வளர்ப்பது ஒன்றைத்தான். முதல் முட்டை முன்னால் பொரியும், அடுத்தது சில நாள் கழித்து. சின்னது தலையைத் தூக்கியதோ இல்லையோ, பெரியது அதன் மண்டையில் போட ஆரம்பித்துவிடும். பசியில் செய்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கூடு நிறைய இரை கிடந்தாலும் போடும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அட, ஒரு அதட்டல்? இறக்கையால் ஒரு தட்டு? ஊஹூம். என்னமோ பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி வேடிக்கை பார்க்கும். பெரியது ஏதாவது நோய் வந்து செத்துத் தொலைந்தால் கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்குத்தான் அந்தச் சின்னது. மற்றபடி அது சாக வேண்டியதுதான்.

நிலையத்து ஆட்கள் கயிறு கட்டி மரமேறிச் சின்னதை மட்டும் இறக்கிக்கொண்டு வருவார்கள். கழுகம்மா வளர்ப்பாள். இரண்டுக்கும் சிறகு முளைத்த பிறகு கொண்டுபோய்த் திரும்பக் கூட்டில் வைப்பார்கள். அதற்குள் பெரியதற்கு அந்த வெறி அடங்கியிருக்கும். பழைய பகையே இல்லாதது போல, இரண்டும் ஒரே கூட்டில் உரசிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடும். கழுகம்மா இதைத் தொலைநோக்கியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூக்கை உறிஞ்சுவாள்.

நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும், ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்ததுதானே, பாவம், ஏன் கொல்லுது என்று. அதற்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"உன் தங்கச்சிகிட்ட உன்னில பாதி இருக்கு. அதனாலதான் அவளுக்கு அடிபட்டா உனக்குச் சுருக்குங்குது. ஆனா உங்கிட்ட நீ முழுசா இருக்க. ரெண்டு பேரும் பிழைக்க வழி இருந்தா அந்தப் பாதிக்காக விட்டுக்கொடுக்கலாம். ஒருத்தருக்குத்தான் வழின்னா முழுசுதான் ஜெயிக்கும். இன்னைக்குக் கூட்டுல இரை கிடக்கு, சரி. நாளைக்கும் கிடக்கும்னு அதுக்கு யார் சொன்னது?"

பெற்ற பிள்ளையிடம் நம்மில் அரை. கூடப்பிறந்தவளிடமும் அரை. கூடப்பிறந்தவள் பெற்றதிடம் கால். இதை வைத்துக்கொண்டு எறும்பு ஏன் தனக்கென்று பிள்ளை பெறாமல் தாய் பெற்றதைச் சுமக்கிறது, பறவை ஏன் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவருகிறது என்றெல்லாம் அவள் விளக்குவதைக் கேட்டால் உலகத்துப் பாசமும் பகையும் ஒரு கைக்குள் அடங்கிவிடும் போலத் தோன்றும். பேச்சு வழக்கில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். அக்காவின் மகளும் மகள்தான். அந்தப் பிள்ளை கூப்பிடுவதும் சித்தி, அதாவது சின்ன அம்மா. அரை, கால் என்கிற பேச்சே அங்கே கிடையாது.

கல்லூரியில் முதன்முதலாக இந்தப் பாடம் நடந்த அன்றைக்குக் கழுகம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கூட்டிலேயே தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை தேடும் பறவையின் படத்தை ஆசிரியர் காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அக்காதான். அப்பா போனதும் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். அக்கா தைத்த காலரில்தான் தங்கை பட்டம் வாங்கினாள். ஒருநாள்கூட அக்கா அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்த அக்காதான் ஒரு சாயங்காலம் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், சிட்டு. தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். தேடி அலைந்ததில் கடைசியாக ஒரு பயணக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. துணி தைப்பது, சலவை பார்ப்பது.

"ரெண்டு வருஷம்டீ. நடுவுல விட்டுட்டு வந்தா மறுபடி எடுக்க மாட்டாங்க. சிட்டைக் கூட்டிட்டுப் போகவும் விட மாட்டாங்க. ஹாஸ்டல்ல சேர்க்கலாம்னா..." என்று அக்கா முடிக்காமல் நிறுத்தினாள்.

"ஹாஸ்டல் எதுக்குக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் கழுகம்மா.

"உன் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை..."

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவன் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான். "இதுல என்னைக் கேக்க என்ன இருக்கு? நம்ம பாப்பாவுக்கும் துணையாச்சு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுகம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். வாய் சொல்லிவிட்டது. ஆனால் பாப்பா பதினொரு வயதுவரை ஒற்றையாக வளர்ந்தவள். அவளுடைய அறை, அவளுடைய மேசை, அவளுடைய அம்மா. அந்தக் கூட்டில் இப்போது இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கப் போகிறாள். அதுவும் அக்காவின் சிட்டை. அந்தப் பிள்ளைக்கு இங்கே ஒரு குறை வந்து அக்கா கப்பலை விட்டு ஓடிவர நேர்ந்தால் அக்காவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. என் பிள்ளை அவளைக் கொத்திவிட்டால்? குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொண்டுபோகவும் மறந்துவிட்டாள்.

சிட்டு வந்தாள். ஒன்பது வயது, குருவி மாதிரி உடம்பு, கண்ணில் மட்டும் குறும்பு. பாப்பா என்கிற பெயருக்குப் பின்னால் மரியாதையாக ஒரு அக்காவையும் ஒட்டவைத்துப் பாப்பாக்கா, பாப்பாக்கா என்று பின்னாலேயே சுற்றினாள். பாப்பாவும் தலையை நிமிர்த்திக்கொண்டு அக்கா வேஷம் கட்டினாள். இரண்டும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு விளக்கணைத்த பிறகும் கிசுகிசுத்தன. பள்ளிக்கூடத்துக்குக் கையைக் கோத்துக்கொண்டு போயின. கழுகம்மாவின் கணவன், "பாத்தியா, நீ வீணா பயந்த" என்றான்.

பயந்தவளுக்குத்தான் எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராதே. ஒரு நாள் காலையில் சிட்டுக்குச் சீருடை மாட்டிவிடும்போது அவளுடைய முழங்கைக்கு மேலே பார்த்துவிட்டாள். கன்றிப்போய், சிறுசிறு நீலத் திட்டுகள். புதுசும் பழசுமாக ஒரு கொத்து. கிள்ளிய தடம்தான், சந்தேகமே இல்லை.

"யாருடி இது?"

சிட்டு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சித்தி."

"பள்ளிக்கூடத்துலயா?"

"இல்ல."

பாப்பா கதவருகே நின்று சிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான், கழுகம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவள் இல்லையா? விடை கையில் இருக்கும்போது கேள்வி எதற்கு?

நிலையத்தில் டாக்டரிடம் சொன்னாள். பறவை வைத்தியரான அவர் கைகளைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "நானும் என் தங்கச்சியும் போடாத சண்டையா? உங்க பெட்டி மாதிரி ஒண்ணு அப்ப இருந்திருந்தா எங்கம்மா என்னைத் தூக்கிப் போட்டு மூடியிருப்பாங்க."

"விளையாடாதீங்க சார். திட்டினா வேலைக்காகாது. திட்டினா இன்னும் கோபம்தான் ஏறும். கொஞ்ச நாள் பிரிச்சு வெச்சா தானா அடங்கிடும்."

"பிரிச்சுன்னா? வீட்டுக்குள்ளயா?" என்று அவர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அதற்குள் ஏதோ தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே சிட்டின் படுக்கை ஹாலுக்கு வந்தது. ஒரு கயிறு கட்டித் திரை தொங்கவிட்டாள். சாப்பாட்டுக்கு முதலில் ஒருத்தி, அவள் எழுந்த பிறகு இன்னொருத்தி. ஆம்லெட்டின் அளவு முதல் தலையணை உயரம் வரைக்கும் இருவருக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. "தராசு எடுத்துட்டு வரவா?" என்றான் கணவன். பாப்பாவை மாலையில் நீச்சல் வகுப்பில் போட்டாள், வீடு திரும்புவதற்குள் சிட்டு பாடத்தை முடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு இனி அவளே கூட்டிப்போவது என்று ஆயிற்று. வலக்கையில் பாப்பா, இடக்கையில் சிட்டு, நடுவில் அவள். காரணத்தை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. குஞ்சுகளிடம் காரணமா சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

"என்னடி இது, நம்ம வீட்டுல இருக்கறது பிள்ளைங்களா, கழுகா?" என்று கணவன் ஒருநாள் குரலை உயர்த்திவிட்டான். "எதுக்கெடுத்தாலும் கூட நீ. ரெண்டு வார்த்தை பேச விடறியா அதுங்களை?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ கையைப் பாத்தீங்களா? அக்காகிட்ட நான்தான் பதில் சொல்லணும்."

"பாப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டா மட்டும் சொல்லிடுவாளாக்கும்!"

பாப்பாவே வந்து கேட்டாள். "அம்மா, சிட்டு ஏன் தனியா சாப்பிடறா? அவ என்ன தப்பு பண்ணா?"

"யாரும் தப்பு பண்ணல. கொஞ்ச நாளைக்குத்தான்."

"அப்ப நான் ஹாலுக்குப் போறேன். அவ உள்ள படுக்கட்டும்."

கழுகம்மா மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். தன்னைக் காட்டிக்கொள்ளாமலிருக்க நல்ல பிள்ளை வேஷம் போடுகிறாள் என்றுதான் அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளையை இப்படி நினைக்க எப்படித்தான் மனசு வந்ததோ. நினைத்தாள், அதுதான் உண்மை.

சிட்டு மெல்ல மெல்ல அடங்கினாள். காலையில் படுக்கையைத் தானே மடித்துச் சுவரோரம் வைத்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும், "எடுத்துக்கட்டுமா சித்தி?" என்று கேட்டாள். வந்த புதிதில் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடிக்கொண்டு நின்ற பிள்ளை! கையில் இருந்த தடங்களும் மஞ்சளாகி மறைந்தன. புதுத் தடம் எதுவும் இல்லை. கழுகம்மா கணவனிடம் வெற்றிக் களிப்போடு சொன்னாள், "பாத்தீங்களா? பலன் தெரியுது." அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் மொத்த வியாபாரக் கடைகள், அட்டைப் பெட்டிக் குவியல், சரக்கு இறக்கும் வண்டிகள். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் கடைக்காரர்களின் பெட்டிகள்தான் நடக்கும். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் வழக்கம்போல வரிசையாக வந்தார்கள். பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து அம்மாவைச் சுற்றித் தலையை நீட்டினாள், சிட்டும் இந்தப் பக்கம் தலையை நீட்டினாள், கழுகம்மா இருவர் கையையும் ஒரு சுண்டு சுண்டி நேராக நடக்கச் செய்தாள்.

இடப்பக்கம் நின்றிருந்த சரக்கு வேன் திடீரென்று பின்னால் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பெட்டிக் குவியலைப் பார்த்தானே ஒழிய ஆட்களைப் பார்க்கவில்லை. யாரோ "ஏய், ஏய்!" என்று கத்தினார்கள். கழுகம்மா திரும்பினாள். வேனின் பின்கதவு சிட்டின் தோளுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

அவள் சிட்டின் கையை விட்டாள். விட்ட கையையும் சேர்த்து இரண்டு கையாலும் பாப்பாவை வாரி அணைத்துக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்தாள்.

வண்டி வந்தது சிட்டின் பக்கம். பாப்பாவுக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் உடம்பே இருந்தது. இழுக்க வேண்டியது யாரை என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டமும் தேவையில்லை, தெருவில் போகிற எவனும் சொல்வான். அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்க எங்கே நேரம்? கைதான் செய்தது. ஆனால் அது அவளுடைய கைதானே.

வேன் இடித்த வேகத்தில் சிட்டு பெட்டிகளின்மேல் விழுந்தாள். கூட்டம் கூடிவிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டான். பிள்ளை அழவே இல்லை. மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்க, விழுந்த இடத்திலிருந்தே சித்தியைப் பார்த்தாள். சித்தியின் இரண்டு கைகளையும், அதற்குள் இருந்த பாப்பாக்காவையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், என்னமோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவள் மாதிரி.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்றார்கள். வேறு அடி எதுவும் இல்லை, பிள்ளை பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். உள்ளே மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வரிசை நாற்காலிகளில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகம்மா அவள் தோளைத் தொட்டாள். பாப்பா உதறினாள்.

"நீ அவ கையை விட்டுட்ட."

"பாப்பா..."

"நான் பாத்தேன். நீ விட்டுட்ட." பாப்பா காலை இறக்கி அவள் பக்கம் திரும்பினாள். "நாங்க எப்பவும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் போவோம். கோத்திருந்தா என்னைப் பிடிச்சு இழுத்தப்ப அவளும் வந்திருப்பால்ல? நீதான் நடுவுல வந்த! ஏம்மா நடுவுல வந்த?"

அக்கம்பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழுகம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ அவளைக் கிள்ளினல்ல... அதான்..." என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

பாப்பா புரியாமல் விழித்தாள். அப்புறம் தன் சட்டைக் கையை விறுவிறுவென்று தோள்வரைக்கும் சுருட்டிக் காட்டினாள். உள்பக்கம், மறைவாக, லேசாக மஞ்சள் பூத்த ஒரு பழைய தடம் மிச்சமிருந்தது.

"எனக்கும்தான் இருந்துச்சு. இதைவிட நிறைய இருந்துச்சு. அவதான் என்னை ஜாஸ்தி கிள்ளினா. அது வாய்ப்பாடு விளையாட்டு. தப்பா சொன்னா கிள்ளு. பதிமூணாம் வாய்ப்பாடு எனக்கு வரவே வராது. தெரிஞ்சா நீ நிறுத்தச் சொல்லிடுவன்னுதான் சொல்லல." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "என் கையை நீ பாக்கவே இல்லையே."

கழுகம்மா அந்தத் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தினமும் நீச்சலுக்கு உடை மாற்றிவிட்ட கைதான். சிட்டின் கையில் தேடினாளே தவிர மகளின் கையில் எதையும் தேடவில்லை. கொத்துகிறவள் இவள் என்று முடிவுகட்டிய பிறகு இவள் உடம்பில் காயத்தை யார் தேடுவார்கள்? இத்தனை நாளும் அந்த வீட்டில் ஒருத்தியை ஒதுக்கிவைத்து, தனியாகச் சாப்பிடச் செய்து, தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்கவைத்தது யார் என்று நினைத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் திரையை அவிழ்த்தாள். கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது, கத்தியால் அறுத்தாள். கணவன் சிட்டின் படுக்கையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே போட்டான். அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் வலித்தது. சிட்டு கட்டுப் போட்ட கையோடு சமையலறை வாசலில் வந்து நின்று, "சித்தி, தட்டைக் கழுவ முடியாது, பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் கழுவ வேணாம்டா கண்ணு. நீ எதுவுமே செய்ய வேணாம்" என்று கழுகம்மா குனிந்து அவளை அணைக்கப் போனாள். சிட்டு மறுக்கவில்லை. அசையாமல், உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, அணைத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். கழுகம்மா கைகளை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பேசுவாள். கப்பல் எங்காவது கரையில் நின்றிருந்தால் முகம் தெரியும், இல்லாவிட்டால் குரல் மட்டும். அன்றைக்குக் குரல் மட்டும்தான். பின்னால் சலவை இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார்கள்.

"கை உடைஞ்சிடுச்சும்மா. விழுந்துட்டேன்" என்றாள் சிட்டு முந்திக்கொண்டு. "வலிக்கல. சித்தி நல்லா பாத்துக்கறாங்க."

அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. தங்கியிருக்கும் வீட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? பாப்பா அம்மாவை முறைத்துப் பார்த்தாள். கழுகம்மா போனைக் கையில் எடுத்தாள். ஒலிபெருக்கியை அணைக்கலாமா என்று ஒரு விரல் போனது. அணைக்கவில்லை.

"அக்கா, அவ விழல. வேன் பின்னால வந்துச்சு. அவ வண்டிப் பக்கம் இருந்தா. நான் அவ கையை விட்டுட்டுப் பாப்பாவைத் தூக்கிட்டேன்க்கா. ரெண்டு கையாலயும் பாப்பாவைத்தான் தூக்கினேன்."

இயந்திரங்களின் உறுமல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"அக்கா?"

"கேக்குது."

"அதுக்கு முந்தியும் அவளைத் தனியா வெச்சேன். தனியா சாப்பிட வெச்சேன். பாப்பா அடிக்கறான்னு நினைச்சு... எல்லாம் என் தப்புக்கா. நீ எனக்காக என்னெல்லாம்..." அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழாதே" என்றாள் அக்கா. அதட்டல் மாதிரித்தான் இருந்தது. "நான் அந்த இடத்துல இருந்திருந்தா நானும் சிட்டைத்தான் தூக்கியிருப்பேன். பாப்பா கையை விட்டிருப்பேன். எனக்குத் தெரியும். அதனால உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதடீ. தனியா உக்கார வெச்சு சாப்பாடு போட்டேன்னு சொன்ன பாரு, அதை என்னால..." அக்காவின் குரல் நின்று, மூச்சு மட்டும் வந்தது. "கையை விட்டது ஒரு நிமிஷம். இது எத்தனை நாள்?"

கழுகம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"சிட்டுகிட்ட குடு."

"நான் இங்கதான் இருக்கேன்மா."

"சிட்டு, அம்மா சொல்றதைக் கேளு. அடுத்த துறைமுகத்துல நான் இறங்கிடறேன். வேலை போனா போகட்டும். எங்கயாவது தெச்சுப் பிழைச்சுக்கலாம். வந்துடட்டுமா? யாருக்கும் பயப்படாம உள்ளதைச் சொல்லு."

சிட்டு கட்டுப் போட்ட கையின் விரல் நுனிகளைப் பார்த்தாள். பாப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளருகே வந்து, ஒட்டி உட்கார்ந்து, நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். மேசையின் எதிர்ப்பக்கத்தில் கழுகம்மா நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை வாயால் 'சித்தி இருக்காங்க' என்று ஒரு வார்த்தை வராதா என்று அவள் உயிர் தவித்தது. என்ன முகத்தோடு அதை எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்தும் தவித்தது.

"வர வேணாம்மா" என்றாள் சிட்டு. "நான் இங்கயே இருக்கேன். இங்க பாப்பாக்கா இருக்கால்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

போனை வைத்த பிறகு கணவன்தான் எழுந்து போய்ச் சாப்பாட்டை எடுத்துவந்தான். இரண்டு பிள்ளைகளும் பிடித்த கையை விடவில்லை. சிட்டுக்கு வலக்கையில் கட்டு, இடக்கையைப் பாப்பா பிடித்திருந்தாள், பாப்பாவுக்கு ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் தானும் சாப்பிட்டு அவளுக்கும் ஊட்டினாள். பாதி மேசையில் சிந்தியது. கழுகம்மா உதவி செய்யக் கையை நீட்டினாள்.

"வேணாம்மா" என்றாள் பாப்பா, நிமிர்ந்து பார்க்காமல். "நான் பாத்துக்கறேன்."